ஐம்பது கிலோ

அந்தச் சலவை ஆலையில் பதினோரு வருஷமாக எல்லாத் துணிக்கும் ஒரே எடைதான். ஓட்டலிலிருந்து வரும் தலையணை உறை என்றாலும் ஐம்பது கிலோ, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கனத்த போர்வை என்றாலும் ஐம்பது கிலோ. மூட்டை பாதி காலியாகத் தொங்கினாலும் சரி, வாயைக் கட்ட முடியாமல் பிதுங்கி நின்றாலும் சரி, மிஷினுக்குள் போகும்போது ஐம்பது கிலோவாகித்தான் போகும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. முன்பு ஒரு தராசு இருந்தது, இரண்டு ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு. ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்து முள் அசையாமல் நின்றுவிட்டது. ரிப்பேருக்குக் கொண்டுபோனார்கள். ரிப்பேர்காரர் கடையை மூடிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், தராசையும் சேர்த்துத்தான். ஆனால் நோட்டில் எடைக்கு என்று ஒரு கட்டம் அப்படியே இருந்தது. கட்டம் என்று ஒன்று இருந்தால் எதையாவது எழுதித்தானே ஆகவேண்டும். அப்போதிருந்த மேஸ்திரி, "சராசரியா ஐம்பது போட்டுக்குங்கப்பா. எவன் வந்து தூக்கிப் பாக்கப் போறான்" என்றார். வாடிக்கைக்காரர்களுக்கு பில் போடுவது உருப்படிக் கணக்கில். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு மேஸ்திரி ஓய்வு பெற்றார். ஐம்பது ஓய்வு பெறவில்லை.

நாளாக ஆக எல்லோருக்கும் கை பழகிவிட்டது. தேதி போடுவதற்கு முன்பே ஐம்பது போட்டுவிடுவார்கள். மூன்றாம் மிஷினில் நிற்கிற கொட்டாவி, மாதம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பான். பேருக்கேற்ற ஆள், மிஷின் சுற்றுகிற சத்தம் கேட்டால் அவனுக்குக் கண் சொக்கும். ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் வராமல் இருந்தான். அந்த இரண்டு நாளும் நோட்டில் அவன் மிஷின் ஆறு ஆறு தடவை ஐம்பது கிலோ துவைத்திருந்தது.

ஆலையில் நான்கு மிஷின்கள். அவற்றில் பெரியதை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆலையில் அது யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் பெரிய மிஷின்காரர், கூப்பிடும்போது அண்ணே. ஆஸ்பத்திரி வண்டி அவருடையது. காலை ஆறரைக்குத் தகர வண்டி நிறைய ஆபரேஷன் அறைத் துணி வரும். மற்ற மூன்று பேரும் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போவார்கள். அவர் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மூட்டையை அவிழ்த்து, கத்தரிக்கோல், ஊசி ஏதாவது மறந்து கிடக்கிறதா என்று தடவிப் பார்த்து, மிஷின் வாய் கொள்ளுமட்டும் திணிப்பார். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிக்கொண்டு ஜென்மத்துக்கும் போகாது. அதற்கப்புறம்தான் சூடு, சோப்பு, மருந்து. நாலு மணிக்குத் துணி திரும்பிப் போயாகவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

அவர் மனைவிக்கும் அதே ஆலையில்தான் வேலை. ஜன்னலோரத் தையல் மேசையில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவாள். அவளுடைய தம்பி மாடியில் கணக்கு எழுதுகிறான். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரே இடத்தில் மூன்று சம்பளம். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

முதலாளியின் மகன் சின்னவர். அவர் ஒரு ஓட்டலில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போனார். அங்கே அவர் படுத்த விரிப்பு அவருடைய ஆலையிலேயே துவைத்தது. அது அவருக்குத் தெரியாது. திரும்பி வரும்போது இரண்டு வார்த்தைகளோடு வந்தார். ஒன்று, தண்ணீரையும் கரண்டையும் மிச்சம் பிடிக்கிற நிலைத்தன்மை, இன்னொன்று செயற்கை நுண்ணறிவு. முதலாவது வந்தால் பாங்கியில் இரண்டு சதவீதம் குறைந்த வட்டிக்குப் பசுமைக் கடன் கிடைக்கும். இரண்டாவது வந்தால் முதலாவது தானாக வரும். இப்படித்தான் அவர் அப்பாவுக்கு விளக்கினார். முதலாளிக்கு வட்டி என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது, சரி என்றார்.

பின்னாலேயே ஒரு ஆலோசகர் வந்தார். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு ஈரத்தரையில் நடந்தார். ஒவ்வொரு மிஷினுக்கும் தண்ணீர் அளக்கும் மீட்டர் பொருத்தினார்கள். பழைய நோட்டுகளை எல்லாம் இரண்டு பெண்கள் மூன்று வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முதல் வாரத்திலேயே அதில் ஒருத்தி, "சார், எடை எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்றாள். ஆலோசகர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "இவ்வளவு ஒழுங்கான டேட்டாவை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை" என்று சின்னவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சின்னவருக்கும் பெருமை தாங்கவில்லை.

மாடியில் ஏ.சி. போட்ட தனி அறையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். கீழே கூடத்தில் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஒரு இலை. கிலோவுக்குத் தண்ணீர் குறைந்தால் இலை பச்சையாகும், கூடினால் பழுக்கும். தொழிலாளிகள் இரண்டே நாளில் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"ஏ.சி. ரூம்லயே உக்காந்திருக்கு, ஒரு வேலை செய்யாது, ஆனா வீட்ல எல்லாரும் அது முகத்தையே பாத்துட்டு நிக்கணும். மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்றான் கொட்டாவி.

"இங்க இருக்கறது வெறும் டப்பாதானாம். யோசிக்கறதெல்லாம் வேற எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துலயாம். அங்க சூடு ஏறாம இருக்க நாள் பூரா தண்ணி விடுவாங்களாம்" என்றார் இரண்டாம் மிஷின்காரர்.

"அப்ப நம்மளைத் தண்ணியைக் குறைன்னுட்டு அது மட்டும் தனியாக் குளிக்குதா?"

"மாப்பிள்ளைன்னா அப்படித்தான்."

சிரித்தார்கள். ஒரு மாதத்தில் மாப்பிள்ளை கணக்கை முடித்தது. சின்னவர் எல்லோரையும் திரைக்கு முன்னால் நிற்கவைத்துத் தரவரிசையைக் காட்டினார். கிலோவுக்கு வெறும் பதினாலு லிட்டரில் துவைத்து முதலிடத்தில் நின்றவன் கொட்டாவி. இருபத்துமூன்று லிட்டர் செலவழித்துக் கடைசியில் நின்றவர் பெரிய மிஷின்காரர்.

கொட்டாவி பின்னால் திரும்பிப் பார்த்தான். அதே பேரில் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று.

அன்று மத்தியானம் பெரிய மிஷின்காரரை மாடிக்குக் கூப்பிட்டார்கள். சின்னவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதிலேயே விஷயம் நல்லதில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. இது நான் சொல்றது இல்ல, சிஸ்டம் சொல்றது" என்றார் சின்னவர். "ஒரு மாசம் மேம்பாட்டுக் காலம். பதினஞ்சு லிட்டருக்குள்ள கொண்டு வந்துட்டீங்கன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. வரலைன்னா, கடைசி வெள்ளிக்கிழமை கணக்கு முடிச்சுடலாம். மூணாம் மிஷின்காரர் உங்களுக்குப் பயிற்சி குடுப்பார்."

"யாரு, கொட்டாவியா?"

"அவர்தான் நம்பர் ஒன்."

பெரிய மிஷின்காரர் சின்னவர் நீட்டிய காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே வந்தார். படிக்கட்டடியில் கொட்டாவி காத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னைப் பயிற்சி குடுக்கச் சொல்றாங்க. என்ன சொல்லிக் குடுக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க. நான் அப்படியே திருப்பிச் சொல்லிடறேன்."

"நீ எவ்வளவு துணி போடுவே ஒரு நடைக்கு?"

"தூக்கறதுக்கு முதுகு வலிக்காத அளவுக்குண்ணே."

"அதான்டா பயிற்சி."

சாயங்காலம் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் காகிதத்தை எடுத்தார். சோறு, கீரை, ஆளுக்கு ஒரு முட்டை. மனைவி காகிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அதைத் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கணக்கப்பிள்ளை, உங்க மாமாவுக்கு இதை விளக்கிச் சொல்லுங்க."

"அக்கா, எனக்கு மத்தியானமே தெரியும்."

"தெரிஞ்சும் ரெண்டு தடவை கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே."

"ஏய், அவன் சாப்பாட்டுல ஏன் கைவைக்கிறே" என்றார் பெரிய மிஷின்காரர். "மச்சான், ஒரு கணக்குப் போடு. என் மூட்டை எழுபதுக்குக் குறையாது. எழுபத்திரண்டுன்னு வெச்சுக்க. மீட்டர் ஆயிரத்து நூத்தம்பது காட்டுது. கொட்டாவி போடறது முப்பது, முப்பத்தொண்ணு இருக்கும். அவன் மீட்டர் எழுநூறு."

மச்சான் இடது கையால் செய்தித்தாளின் ஓரத்தில் வகுத்தான். "உங்களுக்குப் பதினாறு. அவனுக்கு இருபத்திரண்டரை."

"அப்ப யாருப்பா தண்ணியை ஊத்தறது?" என்றாள் அக்கா.

"அவன்தான். ஆனா நோட்டுல ரெண்டு பேருக்கும் ஐம்பதுதானே. அது ஐம்பதால வகுத்துருச்சு."

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. தராசு கிடையாது, எடையெல்லாம் சும்மா எழுதினதுன்னு" என்று அவள் புருஷனைப் பார்த்தாள்.

மச்சான் பென்சிலைக் கீழே வைத்தான். "மாமா, அவசரப்படாதீங்க. அந்த நோட்டை வெச்சுத்தான் பாங்கிக்கு நிலைத்தன்மை அறிக்கை போயிருக்கு. பதினோரு வருஷ ஒழுங்கான டேட்டான்னு அட்டைலயே அச்சடிச்சிருக்காங்க. கடனுக்கு முக்கால்வாசி ஒப்புதல் வந்தாச்சு. இது பொய்னு தெரிஞ்சா கடன் வராது. கடன் வரலைன்னா அடுத்த மாசச் சம்பளத்துக்கே பணம் இல்ல. நான்தானே பாக்கறேன்."

"ஏன் இல்ல? மாப்பிள்ளை வந்தா செலவு குறையும்னாங்களே."

"அதோட சந்தா ஒண்ணு இருக்கே, மாசாமாசம். அதைச் செலவுல காட்டலை. ஆராய்ச்சின்னு ஒரு தலைப்புப் போட்டு அதுக்குள்ள வெச்சிருக்கோம். செலவுல காட்டினா மிச்சம் தெரியாது இல்லையா."

"அப்ப மிச்சம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"தெரியுது, ஆனா இல்ல."

அவள் கீரைச் சட்டியைத் தம்பியின் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"அக்கா, நான் பேசறது நம்ம வீட்டுக்காகத்தான். நிஜத்தைச் சொன்னா மூணு சம்பளமும் போகும். மாமா பேசாம இருந்தா ஒண்ணுதான் போகும், ரெண்டு நிக்கும்."

"எண்ணறது நீ, போறது அவரு" என்றாள். "போற ஒண்ணு உன் சம்பளம்னு வெச்சு எண்ணிப் பாரேன், எண்ண வருதான்னு பாக்கறேன்."

முட்டையை மட்டும் எல்லோரும் முழுசாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் முதல் கொட்டாவியின் முறை ஆலை முழுவதும் அமலுக்கு வந்தது. எல்லோரும் அரை மூட்டை போட்டார்கள், ஐம்பது என்று எழுதினார்கள். இலை நாளுக்கு நாள் பச்சையாகி, ஒரு கட்டத்தில் பார்க்கவே கண் கூசிற்று. ஒரே ஒரு சங்கடம். அரை மூட்டை போட்டால் அதே துணிக்கு இரண்டு நடை ஓட்டவேண்டும். முன்பு தினம் மூன்று லாரி தண்ணீர் வரும். இப்போது ஐந்து லாரி வந்தது. லாரிக்காரர் சின்னவரைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைக்க ஆரம்பித்தார். லாரி பில் தனி ஃபைல். அதை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய மிஷின்காரரும் அரை மூட்டை போட்டுப் பார்த்தார். இருபத்துமூன்று, பத்தொன்பதாக இறங்கிற்று. அதற்குமேல் இறங்க மறுத்தது. ஆஸ்பத்திரித் துணிக்கு அந்த முதல் பச்சைத் தண்ணீர் அலசல் இருக்கிறதே.

"அந்த ஒரு அலசலை விட்டுட்டா பதினாலரை வந்துடும்னு சிஸ்டம் சொல்லுது" என்றார் சின்னவர்.

"ரத்தம் ஒட்டிக்குமே சார்."

"சிஸ்டத்துல ரத்தம்னு ஒரு பிரிவே இல்லையே."

பெரிய மிஷின்காரர் ஒரு நடைக்கு அந்த அலசலை விட்டுப் பார்த்தார், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஆகிவிடக் கூடாதே என்று. தையல் மேசைக்கு வந்த விரிப்பை மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பூரா காபி கொட்டினது போலத் திட்டுத் திட்டாக இருந்தது. அவள் அதை அவர் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்தும் நாற்பது விரிப்புகள் அன்றே திரும்பி வந்தன, கூடவே ஒரு நர்ஸம்மாவின் போனும். திரும்பி வந்ததையெல்லாம் மறுபடி துவைத்தார். துவைத்ததையே இன்னொரு தரம் துவைத்தால் மாப்பிள்ளைக்கு அது புது ஐம்பது கிலோ. அன்று உற்பத்தி இரட்டிப்பு என்று இலையின் பக்கத்தில் ஒரு பூ மலர்ந்தது.

ஆஸ்பத்திரி வண்டியை வேறு யாராவது ஒரு வாரம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று டீ வேளையில் கேட்டார்.

"அது மட்டும் வேண்டாம்ணே" என்றான் கொட்டாவி. "நம்பர் ஒன்னா இருந்து பழகிடுச்சு."

கடைசி வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, பாங்கியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். கோட்டு சூட்டில் நாலு பேர் வருவார்கள் என்று சின்னவர் வாசலில் பூந்தொட்டி வைத்திருந்தார். அவள் தோளில் ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாடியில் ஆலோசகர் முக்கால் மணி நேரம் படம் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கீழே கூடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள்.

கூடத்தில் நீராவி மண்டியிருந்தது. அவள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரத்தில் இறங்கினாள். பின்னாலேயே முதலாளி, சின்னவர், ஆலோசகர், ஃபைலோடு மச்சான். ஒவ்வொரு மிஷினாகப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். பெரிய மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"துணியை எங்க எடை போடறீங்க?"

"எல்லாமே டிஜிட்டல் மேடம்" என்றார் சின்னவர்.

"டிஜிட்டல்னாலும் எது மேலயாவது வெச்சுத்தானே ஆகணும். தராசு எங்க?"

சின்னவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் திரையைப் பார்த்தார். அந்த நேரம் வரைக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே தெரியாது. கூடத்தில் மூத்தவர் பெரிய மிஷின்காரர்தான். அதனால் எல்லோர் கண்ணும் அவர் மேல் வந்து நின்றது. அவளும் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க ஐயா" என்றாள்.

முதலாளிக்குப் பின்னால் மச்சான் தலையை லேசாக, இடதும் வலதுமாக அசைத்தான். தையல் மேசையில் மனைவி ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் இருந்தாள். ஊசி ஒரு கையில், நூல் இன்னொரு கையில், இரண்டும் கிட்டே வரவே இல்லை. பெரிய மிஷின்காரருக்குப் பொய் சொல்லவும் மனசில்லை, முப்பத்தெட்டு பேர் சம்பளத்தில் கைவைக்கவும் மனசில்லை. யோசித்துப் பார்த்ததில், பொய்யே இல்லாத ஒரு பதில் இருந்தது.

"ரிப்பேருக்குப் போயிருக்குங்க" என்றார்.

சின்னவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. மச்சான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டான். அந்த அம்மா தலையாட்டியபடியே குறித்துக்கொண்டாள். தப்பித்தாயிற்று. அவள் பேனாவை மூடப்போகிறவள், பேச்சுவாக்கில் கேட்டாள்.

"எப்ப போச்சு?"

அவள் பேனா இன்னும் காகிதத்தின் மேலேயே இருந்தது. பெரிய மிஷின்காரர் கையிலிருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷம் ஆச்சுங்க."

அவள் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. பேனாவால் முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். பிறகு மச்சானிடமிருந்து லாரி பில் ஃபைலை வாங்கி நின்றபடியே புரட்டினாள். சந்தா எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேட்டாள். ஆராய்ச்சி என்றான். "செலவுக்குக் கொண்டு வாங்க" என்றாள். போகும்போது முதலாளியிடம், தராசு வாங்கி மூன்று மாத எடையைக் காட்டினால் கடனைப் பற்றிப் பேசலாம், அதுவரை பேச ஒன்றுமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய மிஷின்காரரை யாரும் மாடிக்குக் கூப்பிடவில்லை. கணக்கு முடித்து அனுப்புவதென்றால் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பணம் எண்ணி வைக்கவேண்டும். அதற்குப் பணம் இல்லை.

மாதச் சம்பளம் பாதி வந்தது. மீதி பிறகு என்றார்கள். கூடத்தில் அவரோடு பேச்சு நின்றுபோயிற்று. இரண்டாம் மிஷின்காரர் டீ டம்ளரை நீட்டுவதைக்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டினார்.

"ரிப்பேர்னதோட நிறுத்தியிருக்கலாம்ல. அடுத்த கேள்விக்கு, ஞாபகமில்லைன்னா முடிஞ்சுது" என்றான் மச்சான் வீட்டில்.

"ஞாபகம் இருந்துச்சே."

"இவருக்கு ஞாபகம் இருக்கறதும் தப்பா?" என்றாள் அக்கா. "நீ பாதிச் சம்பளத்துக்குப் பாதி பேச்சுப் பேசு, போதும்." அந்த மாதம் முட்டை இல்லை. அதை அவள் இரண்டு பேர் மேலும் சுமத்தாமல், கோழிக்கு உடம்பு சரியில்லையாம் என்று சொல்லிவிட்டாள்.

தராசு வந்தது. மஞ்சள் நிறம், சிவப்பு எண்கள். முதல் நாள் எல்லோரும் மூட்டைக்குப் பதில் தாங்களே ஏறிப் பார்த்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து நிஜ எடை மாப்பிள்ளைக்குப் போயிற்று. இலை பழுத்து விழுந்தது, பிறகு மெதுவாகத் தளிர்த்தது. ஆளுக்கு ஆள் முழு மூட்டை போட ஆரம்பித்ததும் லாரி மறுபடி மூன்றாகக் குறைந்தது. லாரிக்காரரின் வணக்கமும் குறைந்தது. இரண்டாம் மாத முடிவில் புதுத் தரவரிசை வந்தது. முதலிடம் பெரிய மிஷின்காரர், கடைசி இடம் கொட்டாவி.

மறுபடியும் மாடி. மறுபடியும் அந்த நாற்காலி.

"வாழ்த்துகள். இனிமே நீங்கதான் பயிற்சியாளர்" என்றார் சின்னவர், போன தடவை பேசினது வேறு யாரோ என்பதுபோல. "ஒரு சின்ன சம்பிரதாயம். மூணாம் மிஷின்காரருக்கு ஒரு மாசக் காகிதம் குடுக்கறோம். பயிற்சியாளர்னு கீழ நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். பேர் மட்டும்தான் மாறியிருந்தது.

"நான் பயிற்சியாளர்தானே சார்? அப்ப வேலையை எப்படிப் பிரிச்சுக் குடுக்கறதுன்னு நான் சொல்லலாமா?"

"தாராளமா."

"ஆஸ்பத்திரி வண்டி முறை வெச்சு வரட்டும். ஆளுக்கு ஒரு நாள். மிஷினும் ஆளுக்கு ஒரு நாள் மாறட்டும். ஒரு மாசம் பாத்துட்டு நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறேன்."

சின்னவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. கீழே வந்து சொன்னபோது கொட்டாவிதான் முதலில் முகத்தைத் தூக்கினான். காகிதத்தில் யார் பேர் இருக்கிறது என்று சொன்னதும் இறக்கிக்கொண்டான். முதல் நாள் தகர வண்டிக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். ஒன்பதாம் நாள் மூட்டைக்குள்ளிருந்து ஒரு கத்தரிக்கோலைக் கண்டுபிடித்து, அதை ஆலை முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். அந்த மாதத்தில் அவன் கொட்டாவி விட்டதை யாரும் பார்க்கவில்லை. விட்டிருப்பான், வண்டியைப் பார்த்துக் கையை மூக்கிலிருந்து எடுக்காததால் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. முதலாளியும் சின்னவரும் காகிதத்தோடு கீழே இறங்கி வந்தார்கள். ஆலோசகர் வரவில்லை, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சின்னவர் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்தார். நான்கு பேருக்கும் கிலோவுக்குப் பதினேழு லிட்டர், கால் அரை முன்னே பின்னே.

"எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா அது யாரைச் சொல்லும்?" என்றார் இரண்டாம் மிஷின்காரர்.

"பரிந்துரைன்னு ஒண்ணு போட்டிருக்கு" என்று சின்னவர் பக்கத்தைத் திருப்பினார். அவருக்கு எதையும் முன்னாலேயே படித்துவிட்டு வருகிற வழக்கமில்லை. "துவைக்கிற துணியில் கிலோவுக்கு அதிகச் செலவு வைக்கும் இனம்..." என்று குரலை உயர்த்தி ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தைகளைக் குரலைத் தாழ்த்திப் படித்தார். "மென்பொருள் சந்தா. தேவையை மறுபரிசீலனை செய்க."

பாங்கி அம்மா சொன்னபடி மச்சான் அதைச் செலவுக்குக் கொண்டுவந்திருந்தான். மாப்பிள்ளைக்குத் தன் செலவு என்றும் பிறர் செலவு என்றும் பேதமில்லை.



"அதுக்கும் ஒரு மாசக் காகிதம் குடுப்பீங்களா சார்?" என்று கொட்டாவி கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடுக்க முடியாதுப்பா. மூணு வருஷ ஒப்பந்தம். நடுவுல நிறுத்தினாலும் முழுப் பணமும் கட்டணும். உங்களை மாதிரியா?"

சொல்லிவிட்ட பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

பெரிய மிஷின்காரர் சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "அப்ப எங்களுக்கும் மூணு வருஷம் எழுதிக் குடுத்துடுங்க முதலாளி."

முதலாளி மகனைப் பார்த்தார். மகன் காகிதத்தைப் பார்த்தார், அதில் இதற்குப் பரிந்துரை எதுவும் இல்லை. தையல் மேசையில் ஊசி நின்றிருந்தது. கடைசியில் இரண்டு பேரும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

மச்சான் ஃபைலைத் திறக்கவில்லை. தன் அக்கா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"எழுதிக் குடுக்கலாம் சார்" என்றான். "நாலு மிஷின் ஆளுங்க சம்பளத்தையும் ஒண்ணாக் கூட்டினாலும், சந்தாவுல முக்கால்தான் வருது."